மலை சரிந்த பிறகு ஜெபிப்பது எப்படி: துன்பக் காலத்தில் தேவனை நம்ப ஒரு முழுமையான வழிகாட்டி

2009 நவம்பர் மழையை நீலகிரியில் யாரும் மறக்கவில்லை. மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்சுவரும், அதற்கு மேலே இருந்த அரை ஏக்கர் தேயிலையும் ஒரே இரவில் பள்ளத்துக்குப் போய்விட்டன. உயிர் தப்பியதற்காக அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொன்னோம். மறு வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, நாலே மாதத்தில் போய்விட்டார். அவருக்காக சாட்சி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆராதனையில் என் உதடு மட்டும்தான் அசைந்தது. அந்த நாட்களில் ‘விசுவாசமாயிரு’ என்று சொன்னவர்கள் நிறைய. அதை எப்படிச் செய்வது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. இன்று எங்கள் தெரு ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பலரும் நாலாவது படியில் தொடங்கித்தான் சறுக்குகிறார்கள்.

படி 1: முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்

இது ஆவிக்குரிய ஆலோசனை மாதிரித் தோன்றாது. ஆனால் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தூங்கவிடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடச் சொல்கிறான். எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறை எழுப்பி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான். தேவன் எலியாவிடம் பேசத் தொடங்குவதே நாற்பது நாள் நடைக்கு அப்புறம், ஓரேப் மலையில்தான்.

அதனால் துக்கம் நடந்த முதல் வாரத்தில் புதிதாக உபவாசம் தொடங்காதீர்கள். மூன்று நாள் உபவாசம் போடுங்கள் என்று அழுத்துகிறவர்களிடம், இப்போது முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தூதன் எந்த உருவில் வருவான் என்று யாருக்குத் தெரியும்? நீண்ட ஜெபம் வராவிட்டால் “ஆண்டவரே, பாரும்” என்ற இரண்டு சொல் போதும்.

படி 2: ‘எந்தப் பாவத்துக்காக?’ என்ற விசாரணையை மூடுங்கள்

நம் ஊரில் ஒரு வீட்டில் கஷ்டம் வந்தால் முதல் ஞாயிறே இந்த விசாரணை தொடங்கிவிடும். தசமபாகம் கொடுத்தார்களா, வீட்டில் குடும்ப ஜெபம் உண்டா, முன்னோர் சாபமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இயேசுவிடமும் இதையே கேட்டார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்றார்கள். இருவருமில்லை என்றார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார் (லூக்கா 13). 2009-இல் புதைந்துபோன அத்தனை பேரும் தப்பிப் பிழைத்த எங்களைவிடப் பாவிகளா? அந்த லூக்கா வசனம் எனக்குத் தந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

மண் சரிவதற்குப் பூமிக்குரிய காரணங்களும் உண்டு. சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடு கட்டுகிறோம், தண்ணீர் வடியும் வழியை அடைக்கிறோம், வேர் பிடித்து நிற்கும் மரங்களை எடுக்கிறோம். அப்புறம் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் பெய்தது மாதிரி ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டினால் மலை என்ன செய்யும்? நம் கையால் நேர்ந்த பங்கு ஏதாவது இருந்தால் அதை ஒளிக்காமல் அறிக்கை செய்து, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். குடியால் வந்த கஷ்டமானாலும், யோசிக்காமல் வாங்கிய கடனால் வந்த கஷ்டமானாலும் அப்படித்தான். தெரிந்த தவறுக்கு மனந்திரும்புவது வேறு. தெரியாத பாவத்தைத் தேடித் தேடி உங்களையே தோண்டிக்கொண்டிருப்பது வேறு. இரண்டாவதை வேதம் கேட்கவில்லை.

படி 3: புலம்பலை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

150 சங்கீதங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். சபையில் நாம் பாடுவதோ பெரும்பாலும் துதி. அதனால் தேவனிடம் குறை சொல்வது அவிசுவாசம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அப்பா போன அடுத்த வருஷம் எங்கள் ஆயர் வீட்டுக்கு வந்தார். ஜெபிக்கலாமா என்று கேட்காமல், சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். “இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்று தொடங்கும் அந்தச் சங்கீதத்தில் விடிவே இல்லை. “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று அப்படியே நின்றுவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட முடிவில் ஒட்டவைக்கப்படவில்லை. இப்படியும் ஒரு ஜெபம் வேதத்துக்குள் இருக்கிறதா என்று அன்று அதிர்ந்தேன். தேவன் இதைக் கேட்கச் சம்மதித்துத்தான் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு ஜெபித்தேன்.

எழுதுவதற்கு நல்ல மாதிரி சங்கீதம் 13. ஆறே வசனம்தான், இரண்டிரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வசனங்கள் முறையீடு. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தாவீது நேராகத் தேவனிடமே கேட்கிறார். ‘எதுவரைக்கும்’ என்ற சொல் இந்த இரண்டு வசனங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தேவனைப் பற்றி வெளியே புகார் சொல்வதற்கும் தேவனிடமே போய்ப் புகார் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கவனியுங்கள். மறந்துவிட்டீர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறவன் இன்னும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறான்.

அடுத்த இரண்டும் விண்ணப்பம். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்கிறார்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும்.

கடைசி இரண்டும் நம்பிக்கை. “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்கிறார். நிலைமை மாறியதாக எந்தக் குறிப்பும் இல்லை. எதிரி அங்கேயேதான் இருக்கிறான்.

இப்போது ஒரு நோட்டை எடுத்து, இதே மூன்று பகுதிகளை உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். வேதத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழே போதும். மேலே தேதி போடுங்கள். பொதுவாக எழுதாமல் பெயரையும் தொகையையும் இடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘என் கஷ்டத்தைப் பாரும்’ என்பதற்குப் பதிலாக இப்படி:

“ஆண்டவரே, பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை உரத்துக்கே போய்விடுகிறது. ஏஜென்ட்டிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. மகள் காலேஜ் ஃபீஸ் கட்ட இன்னும் இருபது நாள்தான். நீர் பார்க்கிறீரா இல்லையா? எனக்கு ஒரு வழி காட்டும். குறைந்தபட்சம் இன்று ராத்திரி தூக்கத்தைக் கொடும்.”

மூன்றாவது பகுதி வரவில்லையா? விட்டுவிடுங்கள். பொய்யாக நிரப்பாதீர்கள். அந்த இடத்தைக் காலியாகவே வைத்து, பக்கத்தைக் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். நான் எழுதியதில் அது வெகுநாள் காலியாகவே இருந்தது. பிசாசு பிடித்த மகனைக் கூட்டிவந்த தகப்பன் சொன்னது, “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்பதுதான் (மாற்கு 9). அந்த அரைகுறை விசுவாசத்துக்கே இயேசு மகனைச் சுகமாக்கிக் கொடுத்தார்.

படி 4: வாக்குத்தத்த வசனத்தை முழுதாக வாசியுங்கள்

புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்ததும் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டையோடு பனியில் நடந்து வருவது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அட்டையில் ஒரு வசனம்தான் கொள்ளும், முன்னும் பின்னும் இருப்பது தெரியாது.

நம் வீட்டுச் சுவர்களில் அதிகம் தொங்கும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, “சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்கிற வசனம். சொந்த ஊரிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோகப்பட்டு, பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கணக்கு வருகிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதைப் பார்க்கமாட்டார்கள். அதுவரை என்ன செய்வது? ஐந்தாம் வசனம் சொல்கிறது: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள்.

இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கூடலூரிலும் கோத்தகிரியிலும் புதிதாக வேர்பிடித்த குடும்பங்களோடு இந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறேன். எனக்குப் புரிந்ததைவிட அவர்களுக்கு அது ஆழமாகப் புரிந்தது. எங்கே வந்து விழுந்தோமோ அங்கேயே செடி நடுவது அவர்கள் வாழ்ந்து காட்டிய விசுவாசம்.

செய்ய வேண்டியது எளிது. இந்த வருஷம் உங்களுக்குக் கிடைத்த வசனம் இருக்கும் அதிகாரம் முழுவதையும் ஒரு வாரம் தினமும் வாசியுங்கள். யாருக்கு, எந்த நிலைமையில், எவ்வளவு காத்திருப்புக்கு நடுவே சொல்லப்பட்டது என்று நோட்டில் குறித்துவையுங்கள். வாக்குத்தத்தம் சுருங்கிவிடாது. இன்னும் கனமாகும்.

பொருத்தனையை, அதாவது தேவனிடம் நேர்ந்துகொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. அன்னாள் பொருத்தனை பண்ணினாள், அது வேதத்தில் இருக்கிறது. ஆனால் இவ்வளவு காணிக்கை அனுப்பினால் இத்தனை நாளில் கடன் தீரும் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய மேடையில் நின்றாலும் நம்பாதீர்கள். கடன்பட்ட வீட்டின் பணத்தை வாங்கிக்கொண்டு போவதற்கு வேறு பெயர் உண்டு.

படி 5: ஒரு நாளுக்கு ஒரு நாள்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்து உணவான மன்னா அன்றன்றைக்குத்தான் விழுந்தது. மறுநாளுக்கு என்று எடுத்துவைத்தது பூச்சி பிடித்து நாறியது (யாத்திராகமம் 16). ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விதிவிலக்கு. “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்று இயேசு சொன்னதும் இதே கணக்குதான்.

காலையில் இலை எடுக்கப் போகும் முன்னோ, கடை திறக்கும் முன்னோ பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒரு சங்கீதம் வாசியுங்கள். இன்றைக்கு மட்டும் தேவையானவை இரண்டைக் கேளுங்கள். இன்று செய்ய வேண்டிய ஒரு வேலையை அவர் முன்னால் சொல்லுங்கள். அப்புறம் எழுந்து அந்த வேலையைச் செய்யுங்கள். இரவில் அந்த இரண்டும் என்ன ஆயின என்று ஒரு வரி குறியுங்கள். கிடைக்காததையும் ‘கிடைக்கவில்லை’ என்றே எழுதுங்கள்.

படி 6: ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லுங்கள்

சின்ன ஊரில் இது கஷ்டம்தான். ஜெப விண்ணப்பம் என்று சொன்னது மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பேச்சாக வந்துவிடும். அதனால் எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். வாயைக் காக்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அநேகமாக அவர் தானும் அடிபட்டவராக இருப்பார். “எனக்கு ஆலோசனை வேண்டாம், கேட்டுவிட்டு என்னோடு ஜெபியுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். விளக்கம் சொல்ல வாய் திறந்த பிறகு நடந்ததெல்லாம் தவறு என்று கடைசியில் தேவனே சொல்கிறார். தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணுகிற மாதிரி தேவன் உங்களைக் கவாத்து பண்ணுகிறார் என்று அப்பாவின் அடக்கத்தன்று ஒருவர் என்னிடம் சொன்னார். உவமை தப்பில்லை, யோவான் 15-இல் அதற்கு ஆதாரமும் உண்டு. ஆனால் அதை வெட்டுப்பட்டவன் பல வருஷம் கழித்துத் தானே சொல்லலாம். வெட்டுக் காயத்தின் பக்கத்தில் நிற்கிறவர் சொல்லக் கூடாது. லாசருவின் கல்லறைக்குப் போன இயேசுவுக்கு அடுத்த நிமிஷம் என்ன நடக்கும் என்று தெரியும். இருந்தும் முதலில் கண்ணீர் விட்டார்.

படி 7: மருந்தும் மனுஷரும் தேவன் கொடுத்த வழிதான்

மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானல் மலையில் வீடு கட்டத் தொடங்கியது, கீழே காய்ச்சலும் நோயும் அவர்களை வாட்டியதால்தான். விசுவாசம் இருந்தால் சமவெளியிலேயே தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. 1860களில் ஆங்கிலேய அரசு நீலகிரியில் சிங்கோனா மரங்களை நட்டது. நடுவட்டத்தில் அந்தப் பட்டையிலிருந்து எடுத்த குயினின் மலேரியாவுக்கு மருந்தானது. மலைச்சரிவில் ஒரு மரத்தின் பட்டைக்குள் மருந்தை வைத்தவரிடம்தான் நாம் சுகம் கேட்கிறோம். மாத்திரை போடுவது அவரைச் சந்தேகிப்பதாகாது.

மனச்சோர்வுக்கும் இதே விதிதான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறது என்றால் ஆயரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் போங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். வேறு சிலருக்கு வேறு உதவி தேவைப்படும். வீட்டில் அடிபடுகிற பெண்ணிடம் ‘பொறுத்துக்கொள், தேவன் மாற்றுவார்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். அவளுக்குப் பாதுகாப்பான இடம் முதலில் வேண்டும்.

படி 8: பதில் ‘இல்லை’ என்று வந்தால்

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் இயேசுவும் துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார், அது நீங்கவில்லை. சிலுவையில் அவர் கூப்பிட்ட “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. தேவனுடைய குமாரனே புலம்பல் சங்கீதத்தைக் கடன் வாங்கித்தான் ஜெபித்தார் என்றால், அதை வாயில் எடுக்க நாம் ஏன் கூசவேண்டும்? கேட்டது கிடைக்காமல்போன ராத்திரியில் எனக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறில்லை. நான் நிற்கிற இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றிருக்கிறார்.

இந்தப் படிக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஆபகூக் 3:17-ஐ எடுங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று அவர் தன் ஊர்ப் பயிரையும் ஆட்டையும் மாட்டையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நீங்களும் உங்கள் ஊரை வைத்து எழுதுங்கள். எங்கள் ஜெபக் கூட்டத்தில் எழுதியது இது: “தேயிலை துளிர்க்காமற்போனாலும், உறைபனியில் உருளைச்செடி கருகிப்போனாலும், கேரட்டுக்கு மார்க்கெட்டில் விலை இல்லாமற்போனாலும், தோட்டத்தைக் காட்டெருமை மேய்ந்துபோனாலும்...” இதுவரைக்கும் எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்ற அடுத்த வரிக்கு வந்ததும் சிலர் வாசித்தார்கள், சிலர் சும்மா இருந்தார்கள். சும்மா இருந்தவர்களுக்காக மற்றவர்கள் இன்னொரு தரம் வாசித்தார்கள். சபை என்பது இதற்குத்தான் என்று எனக்கு அன்று தோன்றியது.

படி 9: நினைவு நாளுக்கு முன்கூட்டியே ஆயத்தப்படுங்கள்

துக்கம் தேதி பார்த்துத் திரும்பி வரும். எங்களுக்கு அது மழையோடு நவம்பரில் வரும். அந்த நாளைத் தனியாகக் கடக்க நினைக்காதீர்கள். யார் வருவார்கள், எந்தச் சங்கீதம் வாசிப்பது, என்ன சமைப்பது என்று ஒரு வாரம் முன்பே பேசிவையுங்கள். சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்” என்று சொல்லி அதற்கு எபெனேசர் என்று பேரிட்ட மாதிரி (1 சாமுவேல் 7), வருஷத்துக்கு ஒரு தரம் அந்த நோட்டைத் திறந்து பழைய பக்கங்களைப் படியுங்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று அம்மாவும் நானும் காலையிலேயே போய்விடுவோம். களை பிடுங்கி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சாரலில் அது இரண்டு மூன்று தரம் அணையும், மறுபடி ஏற்றுவோம். 2011-இல் நான் எழுதிய புலம்பலை அம்மா தன் பைபிளுக்குள் வைத்திருக்கிறார், அதை அங்கேதான் வாசிப்போம். மூன்றாவது பகுதி 2013 வரைக்கும் காலியாக இருந்தது. அந்த வருஷம் மழை விட்டிருந்தது. அம்மா பேனாவை நீட்டினார். நான் ஒரே ஒரு சொல் எழுதினேன்: “இம்மட்டும்.”